பழ வாசனை

சித்திரை 9
காலை மூடுபனி. கூரைக்குப் புல் வேய வேண்டும், ஆள் இல்லை. பாறையில் ஆறு கூடு தொங்குகிறது. அப்பன் எனக்கு விட்ட தேன்பாறை. கிழவன் எனக்குக் கால் நடுங்கும் என்று போன வருஷம் ஊர்க்கூட்டம் அதைத் தம்பி சடையனுக்குக் கொடுத்தது. நடுங்கவில்லை. இன்று பலா ஏறி இறங்கினேன்.

சித்திரை 11
மேகம். முழங்கால் வலி. மலைத்தேனீ ஒன்றைத் துணியில் கொட்டவிட்டேன். கொடுக்கு நின்ற இடத்தில் கனிந்த வாழைப்பழ வாசனை. மூன்றாம் தடவையும் அதே. அந்தத் துணியைக் கழியில் கட்டிக் கூட்டருகே நீட்டினால் எல்லாம் அதன்மேல்தான் பாய்கின்றன. வெறுந்துணியைச் சீண்டவில்லை. ஒன்று கொட்டினால் அதன் வாசனை மற்றதைக் கூப்பிடுகிறது. எங்கள் ஆட்களோ தேனெடுக்கும் முன் சாமி படையல் வாழைப்பழத்தைத் தின்று, தோலைக் காப்பென்று இடுப்பில் செருகிக்கொண்டு பாறையில் இறங்குகிறார்கள். பாறை இறங்கிய முப்பது வருஷமும் நான் அந்தப் பழத்தைத் தொட்டதில்லை.

சித்திரை 12
கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். சடையன், "ஏனுங்ணா, ஈயும் நம்மளாட்டம் படையலுக்கு வருதுங்களா?" என்றான். இன்னும் சிரித்தார்கள்.
உப்பு தீர்ந்தது.

சித்திரை 15
சடையன் படையலுக்கு என் தோட்டத்துப் பழம் ஒரு சீப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். தோல் கறுத்து வாசனை ஏறியதாகப் பொறுக்கியது. அவன் பெண்டாட்டி கும்பிட்டு வாங்கினாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன்.

சித்திரை 16
வெயில். காற்றில்லை. பாறைக்கு எதிர்ச்சரிவில் உட்கார்ந்தேன். சடையன் நான்கு பழம் தின்றான். கொடி ஏணியில் பாதி இறங்கியதும் கழுத்தில் ஒன்று கொட்டியது. பிறகு எல்லாம். தோல் செருகிய இடுப்பில் கறுப்பாக அப்பின. நான் சொன்ன இடம். மேலே இழுத்தபோது கத்தினான், பிறகு கத்தவில்லை.
புகை குறைவாகவும் இருந்தது. அதையும் குறிக்க வேண்டும்.

சித்திரை 19
தூறல். புல் வேய்ந்தாயிற்று. சடையனுக்கு இடது கண் போயிற்று. அவன் பெண்டாட்டி வந்தாள். சாமி குற்றம் என்று ஊர் பேசுகிறதாம், பாறையை நாளைக் கூட்டத்தில் எனக்கே விட்டுவிடுகிறானாம். சாமி இல்லை, பழம் என்றேன்.
வாசல் இறங்கியவள் திரும்பினாள். "அப்ப தெரிஞ்சுதான் குடுத்தீங்களா மாமா?"
"முன்னாடியே சொன்னேன். சிரிச்சீங்க."

சித்திரை 20
மழை விட்டது. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாறை எனக்கு. பழம் என்றால், தெரிந்தே கொடுத்தவன் என்று ஊரைவிட்டுத் தள்ளுவார்கள். நான் கண்டதைச் சாமி கணக்கில் விடமாட்டேன். துணியில் வாசனை போய்விட்டது. போகிற வழியில் ஒரு தேனீயைப் பிடித்துக் கையில் கொட்டவிட வேண்டும். ஒவ்வொருவனும் முகரட்டும்.