பாரிட் கம்பம் இருந்த இடம்

9 ஜனவரி 1957, புதன்

எங்கள் மளிகைக் கடைக்கு வந்த வெங்காய மூட்டையில் பாதி அழுகல். இவர் லோரிக்காரனோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே நான் சேலை மாற்றிக்கொண்டு நகரசபைக்குக் கிளம்பிவிட்டேன். கவுன்சிலரான பிறகு முதல் கூட்டம். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. ஒருவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் பிறகு கூட்டம் முடியும்வரை யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் நானே எழுந்து கேட்டேன். எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒரு கிளினிக் வேண்டும். இடம் இல்லை என்றார்கள். அடுத்த விஷயம் தெருவிளக்கு.

திரும்பும்போது எங்கள் சனங்கள் குடியிருக்கும் பாரிட் கம்பம் வழியாக வந்தேன். பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி வரிசையாக அத்தாப்பு ஓலைக் குடிசைகள். எல்லாம் அரசாங்க நிலத்தில் கட்டியவை. தேர்தலில் எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இந்தக் கம்பத்துப் பெண்கள்தாம். அஞ்சலை பைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மறுபடியும் முழுகாமல் இருக்கிறாளாம். முன்னே இரண்டும் பிறந்து தங்கவில்லை.

"இந்தத் தடவ கிளினிக்கு வந்துருமாக்கா?" என்று கேட்டாள்.

வரும் என்றேன்.

2 பிப்ரவரி

சாயங்காலம் வழக்கறிஞர் பொன்னுதுரை வீட்டுக்கே வந்தார். சபையில் எங்கள் கட்சிக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கிளினிக்குக்கு இடம் கிடைத்துவிட்டதாம்.

"பாரிட் கம்பம்தான் பிள்ளை. அது அரசாங்கக் காணி. கால்வாயை எப்பிடியும் அகலமாக்கத்தான் போறாங்கள். சனத்துக்கு ஊருக்கு வெளியில, பத்து பெரெண்டாம் பக்கம் வீடு. உங்களுக்கு கிளினிக்."

வீடு கட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். கட்டுவாங்கள் என்றார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

கட்டுவாங்கள். சரி, புது வீடுதானே, சிமெண்டுத் தரை. அந்த நாற்றத்தில் கிடப்பதைவிட மேல் இல்லையா? — மேல்தான்.

3 பிப்ரவரி

கிளினிக் வந்தால் வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கவேண்டும். மழையில் யாரும் நனையக்கூடாது.

20 மார்ச்

அஞ்சலை கடைக்கு வந்தாள். சர்க்கரை வாங்க என்றாள், சர்க்கரைக்காக வரவில்லை. கம்பத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறதாம். அவள் புருஷன் கலியாணசுந்தரம் நகரசபையில் ரோட்டு வேலை செய்கிறவன். அவனை வேலை வாங்கும் மண்டோர் ஏதோ ஜாடையாகச் சொன்னாராம்.

புது வீடு தயாராகாமல் ஒரு குடிசையையும் தொடமாட்டார்கள், நான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

"நீங்க சொன்னாப் போதுங்க்கா." சர்க்கரையை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

11 ஏப்ரல்

பாரிட் கம்பத்தை அகற்றும் தீர்மானத்துக்கு இன்று வாக்கெடுப்பு.

ஷம்சுதீன் பாய் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். துக்காங் எமாஸ் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எதிர்க்கட்சி. வீடு கட்டி முடித்த பிறகே குடிசைகளை அகற்றலாம் — அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் சொல்லியிருக்கவேண்டிய வரி. அவர் சொல்லிவிட்டார்.

பொன்னுதுரை என் பக்கம் குனிந்து, இந்த வரியைச் சேர்த்தால் அனுமதிக்கு மறுபடி மேலிடத்துக்குப் போய்வரவேண்டும், இந்த வருஷக் காசு போய்விடும், கிளினிக்கும் போய்விடும் என்றார். "யோசிச்சுச் செய்யும் பிள்ளை" என்றார்.

யோசித்தேனா? கை தூக்கச் சொன்னார்கள். பாயின் வரிக்கு நான் தூக்கவில்லை. ஒரே வாக்கு வித்தியாசத்தில் அந்த வரி தோற்றது. பிறகு மூலத் தீர்மானம் வந்தது, அதற்குத் தூக்கினேன்.

வெளியே வந்ததும் பாய் கேட்டார். "அது உங்க சனம்தானேம்மா?" கோபமாகக்கூட இல்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

12 ஏப்ரல்

இவர் சொல்கிறார், நான் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் இடித்துத்தான் இருப்பார்களாம். ஒரு வாக்கில் போயிருக்கிறது, எப்படி இடித்திருப்பார்கள்? கேட்கவில்லை. சொன்னது காதுக்கு இதமாக இருந்தது.

5 ஜூன்

கதவுகளில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும். அங்கே யார் படிப்பார்கள்? என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். படித்தேன். ஜூலைக்குள் காலி செய்யவேண்டும் என்று வருகிற இடத்தைக் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

அஞ்சலைக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது.

16 ஜூலை, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

அடுத்த மாதம் மெர்டேக்கா; சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு முன்னால் ஊர் சுத்தமாக வேண்டுமாம். அதனால் இன்றே. என்னையும் வரச் சொன்னார் பொன்னுதுரை. "நீங்கள் நிண்டால் சத்தம் வராது" என்றார். அவர் கார் பக்கத்தில் நின்றேன். சத்தம் வரவில்லை. ஒரு பொம்பளை தன் பிள்ளைகளிடம் சொன்னது காதில் விழுந்தது: "கவுன்சிலரம்மாவே வந்துட்டாங்க, வீட்டுச் சாவி குடுப்பாங்க." சாமான்களை அவர்களே வெளியே எடுத்து அடுக்கினார்கள்.

இடிக்க வந்தது நகரசபை ஆட்கள். அதில் பாதிப்பேர் அங்கேயே குடியிருப்பவர்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை — ஏன் தோன்றவில்லை? வேறு யார் வருவார்கள் என்று நினைத்தேன்?

கலியாணசுந்தரம் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நின்றான். மண்டோரும் தமிழன்தான். "ஒன் வீடுதானடா, எங்க எங்க கட்டு இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். ஏறு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான்.

நான் கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏறினான். முதலில் அத்தாப்பை ஒவ்வொன்றாகக் கட்டு அவிழ்த்துப் பக்குவமாகக் கீழே கொடுத்தான், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று. இப்படிச் செய்தால் பொழுது போய்விடும், உதைத்துத் தள்ளு என்று மண்டோர் கத்தினார். உதைத்துத் தள்ளினான். அஞ்சலை சட்டி பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புருஷன் கூரையை உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கூரை போனதும் உள்ளே சாமி படத்துக்கு வைத்த குங்குமம் சுவரில் வெயிலில் தெரிந்தது.

மத்தியானம் எல்லோரையும் லோரியில் ஏற்றிப் பத்து பெரெண்டாமுக்கு அனுப்பினார்கள். பொன்னுதுரை எனக்கு ஐஸ் போட்ட சர்பத் வாங்கித் தந்தார். குடித்தேன். தாகமாத்தான் இருந்துச்சு, நான் என்ன செய்ய.

17 ஜூலை

விடியும்போது சுமத்ராக் காற்று. கடைத் தகரமே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மழை.

ஷம்சுதீன் பாய் பத்து பெரெண்டாம் போய்விட்டுக் கடைக்கு வந்தார். அங்கே வீடு இல்லை. முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு பைப் இருக்கிறது, அதில் தண்ணீர் இல்லை. தன் கடைக் கேன்வாஸ் துணியைக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

"கயித்துக்குள்ள குடியேத்தியிருக்கீங்க" என்றார். இவர் அவருக்கு நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

பொன்னுதுரைக்குப் போன் செய்தேன். காண்ட்ராக்டர் மெர்டேக்காவுக்குப் பிறகுதான் வருவானாம். இப்போது யாரைக் கேட்டாலும் மெர்டேக்காவுக்குப் பிறகு.

18 ஜூலை

போகவேண்டும். தலைவலி. நாளை.

24 ஜூலை

அஞ்சலைக்குப் பிரசவம் ஆகிவிட்டது. முந்தாநாள், கேன்வாஸுக்கு அடியில், சேற்றில். மருத்துவச்சி கிடைக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிவர வண்டியும் கிடைக்கவில்லை. ஆண் பிள்ளை. ஒரு பகல் இருந்ததாம்.

கடையில் இருந்து பால்மாவு டின்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஏன் பால்மாவு? அங்கே மற்றப் பிள்ளைகள் இருக்கின்றன, அவர்களுக்கு என்றுதான். சத்தியமா அவங்களுக்குன்னுதான் எடுத்தேன். ஆனா நேரே அவகிட்டதான போய் நின்னேன், டின்னக் கையில வச்சிக்கிட்டு.

ஒரு கதவுப் பலகையில் படுத்திருந்தாள். அவர்கள் வீட்டுக் கதவுதான். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மழை இல்லை அது.

டின்களைப் பார்த்தாள். "எனக்கே ஊறிக்கிட்டுத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி கும்பிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

25 ஜூலை

ராஜினாமா செய்தால் என்ன?

26 ஜூலை

செய்தால் கிளினிக் யார் கட்டுவார்கள் என்கிறார் இவர். அதுவும் நியாயம்தானே. இல்லையா?

31 ஆகஸ்ட் 1957, சனி

மெர்டேக்கா. பாடாங் திடலில் கவுன்சிலர்களுக்குத் தனி வரிசை. புதுச் சேலை கட்டியிருந்தேன். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

10 மார்ச் 1958, திங்கள்

கிளினிக் திறந்தாயிற்று. வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. மழைக்குக் கூரையும் நீட்டியிருக்கிறார்கள்.

முதல் நாளே நல்ல கூட்டம். கம்போங் செட்டியிலிருந்து பெண்கள் மலாய்க்காரிகள் மாதிரி கெபாயாச் சட்டை உடுத்தி வந்திருந்தார்கள். நர்ஸிடம் மலாயில் பேசிச் சிரித்தார்கள். அரசாங்கக் குமாஸ்தாக்களின் மனைவிமார்கள் வந்தார்கள். ஒரு சீனத்தி இரட்டைக் குழந்தைகளோடு. நல்ல காரியம்தான் இது. யார் வந்து பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

பாரிட் கம்பத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. பத்து பெரெண்டாமிலிருந்து இரண்டு பஸ் மாறி யார் வருவார்கள்?

வாசல் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன் கலியாணசுந்தரம். அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவள் அண்ணன் வேலை செய்கிற தோட்டத்துக்குப் போய்விட்டாளாம், ரப்பர் பால் வெட்ட. இவனைக் கூப்பிடவில்லையாம்.

"நான் கூரைய ஒதச்சத சொல்லிச் சொல்லியே போய்ட்டா" என்றான். பிரஷை வாளியில் முக்கினான். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாயெடுத்தேன். படம் எடுப்பவர் கூப்பிட்டார்.

11 மார்ச் 1958

பேப்பரில் படம் வந்திருக்கிறது. இவர் வெட்டிக் கடையில் ஒட்டினார்.

14 டிசம்பர் 1958

மறுபடி ஜெயித்துவிட்டேன். போன தடவையைவிட அதிக வித்தியாசம். பாரிட் கம்பத்து ஆட்கள் இப்போது இந்த வட்டாரத்தில் இல்லை, வாக்கும் இல்லை. கிளினிக்குக்கு வருகிற பெண்கள் எல்லோரும் எனக்குப் போட்டார்கள். ஷம்சுதீன் பாய் தோற்றுப்போனார்.

அவருக்கு ஆறுதல் சொல்லப் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் இனிக் கூட்டத்தில் உட்காரலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

6 ஆகஸ்ட் 1959

சபையில் இன்று சமூக மண்டபத்துக்கு இடம் ஒதுக்கினோம். பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கிற குடிசைகள். அக்டோபரில் காலி செய்யவேண்டும், நோட்டீஸ் அடுத்த மாதம். பொன்னுதுரை என் பக்கம் குனியவே இல்லை. பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. பிறகு நாய்த் தொல்லை பற்றி வெகுநேரம் பேசினோம்.

சாயங்காலம் அங்கே குடியிருக்கிற பூங்காவனம் வந்திருந்தாள். தனி ஆள், பலகாரம் சுட்டு விற்கிறவள். தட்டில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தாள். மழை வரப்போகிறது, கூரை ஒழுகுகிறது, இந்த வருஷம் புது அத்தாப்பு போடலாம் என்றிருக்கிறாள். போடலாமா, இல்லை ஏதாவது பேச்சு இருக்கிறதா என்று கேட்டாள்.

நோட்டீஸ் போகும்வரை வெளியில் பேசக்கூடாது.

"போடேன், அதுக்கென்ன" என்றேன்.

அத்தாப்பு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று இவரிடம் கேட்டுச் சொல்லி அனுப்பினேன்.