வரைபடத்தில் இல்லாத பதினேழு வீடுகள்

உம்முடைய புத்தகத்தின் புதுப் பதிப்பு இன்று காலை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கட்டைப் பிரித்ததும் அச்சு மையின் வாசனை. நடுப்பக்கத்து வரைபடத்தை விரித்தேன். நீர் போய் மூன்று வருடமாகிறது. நம் நெடுந்தீவில் எங்கள் பக்கத்துக் கரையோரம் அதில் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

ஊரின் சரித்திரமும் பூமிசாத்திரமும் எழுதும் ஆசையை உமக்கு மூட்டியவர் பெல்ஜியத்துச் சுவாமியார். மாதா கோயில் விறாந்தையில் எங்கள் இருவரையும் இருத்தி, பெல்ஜியத்தில் பிளெமிஷ் மொழி பேசும் தன்னுடைய சின்ன ஊரைப் பற்றிய புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். கடலைவிடத் தாழ்ந்த நிலம், அதைக் காக்கும் மண் அணை எல்லாம் அதில் இருந்தன; பன்றி வளர்ப்பவனின் குடிசைகூடப் பெயரோடு இருந்தது. "எங்கட ஊருக்கும் இப்பிடி ஒண்டு வேணும்" என்றீர். நம் இருவருக்கும் அப்போது இருபது வயது.

இரண்டு கோடை அளந்தோம். கயிற்றின் ஒரு முனை உம்மிடம், மறுமுனை என்னிடம். கல்வேலிகள், கேணிகள், குதிரைகள் மேயும் வெளி. கரையோரத்தில் எங்கள் ஆட்களின் பதினேழு வீடுகளையும் அளந்தோம். ஒவ்வொரு வீட்டுக்காரரின் பெயரையும் நான் சொல்லச் சொல்ல நீர் கொப்பியில் எழுதினீர்.

புத்தகம் வந்தபோது உம்முடைய சித்தப்பாவின் மாட்டுக்கொட்டில் அதில் இருந்தது. எங்கள் வீடுகள் இல்லை.

"தாளிலை இடம் காணேல்லை" என்றீர்.

"மாட்டுக்கு இடம் கண்டதோ?"

நீர் தலையைக் குனிந்துகொண்டீர். "சித்தப்பா ஆக்கள் ஏசுவினம். உமக்குத் தெரியாததே?"

அடுத்த வருடம் பொதுக்கிணறு வெட்ட வந்த அதிகாரி அந்த வரைபடத்தைத்தான் கையில் வைத்திருந்தார். "இதிலை இந்தப் பக்கம் குடிமனை இல்லையே" என்று எங்கள் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார். கிணறு உங்கள் பக்கத்துக்குப் போனது. என் அக்கா தொடர்ந்து உங்கள் வளவுக் கிணற்றடியில் குடத்தோடு நின்றாள். எங்கள் ஆட்கள் தண்ணீர் அள்ளும் துலாவைத் தொடக்கூடாது. யாராவது இரங்கி வார்க்கும்வரை நிற்கவேண்டும். வயிற்றில் பிள்ளையோடும் நின்றாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, நோயில் இளைத்து, மத்தியான வெயிலில் எங்கள் முற்றத்துக்கு நடந்து வந்தீர். கையில் கொப்பி.

"பிழை விட்டிட்டன். புத்தகத்தைத் திரும்ப அடிக்கப் போகினம். பேருகளைச் சொல்லும், சேர்க்கிறன்."

மெய்யாகவே மனம் இளகிவிட்டது எனக்கு. கதிரை போட்டேன். முதல் மூன்று வீட்டுப் பெயர்களைச் சொன்னேன். அப்போது அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம், தாகமில்லை" என்றீர்.

உதடு வெடித்திருந்தது உமக்கு.

"இனி ஏலாது. நீர் போம்" என்றேன். கொப்பியை மூடிக்கொண்டு போனீர். அந்த மாதமே இறந்தீர். உம்மைத் துரத்தியதற்கு நான் வருந்தவில்லை. பெயர்கள் உம்முடைய பழைய கொப்பியில் இருந்தன. என்னைக் கேட்காமலே சேர்த்திருக்கலாம்.

இன்றும் என்னை விட்டுப் போகாதது, நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்ட அக்காவின் முகம். அந்தச் செம்பில் இருந்தது உங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர். காலையில் உம்முடைய வீட்டு ஆள்தான் அக்காவின் குடத்தில் வார்த்துவிட்டிருந்தார்.