பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "கோளாறு அவளால் வந்ததில்லை சார், என்னால் வந்தது."

இன்று காலை அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கம்ப்யூட்டரில் வைஃபை போய்விட்டது. ஒரே பெட்டியில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவள் அவள். திரையில் வைஃபை கார்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் முக்கோணம். பார்த்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "ஷட்டவுன் பண்ணிட்டு பிளக்கைப் பிடுங்கு. அறுபது எண்ணிட்டு மாட்டு." மாட்டினாள். வந்துவிட்டது. "அய்யோ, இது எவிடுந்நு படிச்சு?" என்று, எங்கே கற்றேன் எனக் கேட்டாள். கூட வேலை பார்த்த ஒருத்தியிடம் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், லாட்ஜுக்கு மேல் மாடியில் நம் கடை. பென்ஷன், ஸ்காலர்ஷிப், ரேஷன் கார்டு என்று எதற்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கடை. நீ போனக்காட்டுத் தேயிலை மலையிலிருந்து வந்தவள்; வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமை சாயங்காலம் மலைக்குப் பஸ். நான் கரமனையிலிருந்து நடந்து வருகிறவள். முதல் வாரம் நெட் போய் நான் எரிச்சல்பட்டபோது நீ சிரித்தாய். "எங்க ஊர்ல நெட்டு போகவே போகாது புள்ள. வந்தாத்தானே போறதுக்கு!"

மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்கு கேபிள் எட்டாது, வைஃபைதான். அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை ஏற்றியது நான். கடை முதலாளி சாரிடம் கேட்கவில்லை. என் எம்.ஏ. ஆய்வேட்டுக்கு வேண்டிய மென்பொருள் அதில்தான் ஓடும், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. சார் மதியம் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரம் என்னுடையது. நீ படிக்கட்டுத் தலையில் ஸ்டூலைப் போட்டுக் காவல் இருப்பாய். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இருமுவாய். நான் அவசரமாக ரீஸ்டார்ட் கொடுத்து விண்டோஸுக்குத் திரும்புவேன்.

வினை அந்த அவசரத்தில்தான் இருந்தது. அப்படித் தாவும்போது வைஃபை கார்டு முழுசாக அணைவதில்லை. லினக்ஸ் விட்ட நிலையிலேயே நிற்கும், விண்டோஸ் கூப்பிட்டால் எழாது. மின்சாரம் அடியோடு அற்றுத் திரும்பி வந்தால்தான் எழும். இதை நான் இணையத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நீ படிக்காமலே கண்டுபிடித்திருந்தாய். "கரண்ட் போயி வந்த அன்னிக்கெல்லாம் நெட்டும் சரியாகுது, பாத்தியா?" அன்றிலிருந்து மேசைக்கடியில் குனிந்து பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபது வரை வாய்விட்டு எண்ணுவாய். நாற்பதில் நான் குறுக்கே பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து.

காரணம் தெரிந்த பிறகு நானே முழுசாக அணைத்துவிட்டு மாறியிருக்கலாம். என் ஒரு மணி நேரத்தில் அதற்கு ஒரு நிமிடம் போகும். அந்த நிமிடத்தை உன் தலையில் போட்டேன்.

அன்று சனிக்கிழமை, ஒரு ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள். விழிஞ்ஞத்திலிருந்து ஒருவர் மகளின் சான்றிதழ்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். மதியம் சாப்பிடப் போன சார் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். நீ இருமினாய், நான் ரீஸ்டார்ட் கொடுத்தேன், மஞ்சள் முக்கோணம். நீ ஓடி வந்து அணைத்து, குனிந்து, பிளக்கைப் பிடுங்கினாய். சார் வாசலில் நின்றிருந்தார்.

"எடீ! என்ன வேல காட்டுற நீ?"

"நெட்டு போச்சு சார். இப்படிப் பண்ணினா வந்துரும்."

"பிளக்கப் பிடுங்கினா நெட் வருமா? தேயில கிள்ளுற மாதிரி கிள்ளினாப் போதும், அல்லே?"

நின்றவர்கள் சிரித்தார்கள். விழிஞ்ஞத்துக்காரர் சிரிக்கவில்லை. "சாரே, இன்னு லாஸ்ட் டேட் ஆணு" என்றார்.

"தெனமும் இந்த ஒண்ணுலதான் கம்ப்ளைன்ட். காரணம் இப்பத்தான் மனசிலாகுது" என்ற சார் என் பக்கம் திரும்பினார். "மோளே, நீ படிச்சவ. நீ சொல்லு. இப்படிப் பிடுங்கலாமா?"

மேசைக்கடியிலிருந்து நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் பயம் இல்லை. நான் இருக்கிறேன் என்ற நிம்மதி இருந்தது.

"பிடுங்கக் கூடாது சார்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் இருக்கும். அத்தனை கவனமாகப் பொறுக்கி எடுத்த உண்மை.

லினக்ஸ் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே போயிருப்பவள் நான். நீ சொல்லவில்லை. பிளக்கை மாட்டினாய், நெட் வந்தது, விண்ணப்பம் போனது. அந்த மனிதர் உன்னைப் பார்த்துத்தான் கும்பிட்டார். சாயங்காலம் சார் உன்னிடம் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். படியிறங்கும்போது நீ என்னைத் திட்டியிருக்கலாம். "நீ சொன்னது சரிதான் புள்ள. பிடுங்கக் கூடாதுதான்" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்தாய்.

அப்புறம் நான் உன்னைக் கூப்பிடவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்பது எனக்கு வசதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற மனிதர்களைப் பற்றி எத்தனையோ நாவல் படித்திருக்கிறேன்; கடைசி அத்தியாயத்திலாவது யாரேனும் கிளம்பிப் போய்விடுவார்கள். தம்பானூரிலிருந்து உன் ஊருக்கு நேராகப் பஸ் இருந்தது. அது புறப்படுகிற இடத்தைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போனேன்.

வேறு வேலை கிடைக்காமல், மழைக்கு முன் ஓடை சுத்தம் செய்கிற கூலி வேலைக்குப் போனாயாம். அந்தத் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் வீட்டிலேயே கிடந்தாயாம். நீ இறந்துபோன செய்தி மலையிறங்கி எனக்கு வர மூன்று நாள் ஆயிற்று. ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. இந்த வேலை அதனால் வந்ததுதான். நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியர்கள் பெயரும் நூலகர் பெயரும் இருக்கின்றன.

பிளக்கைப் பிடித்துக்கொண்டு நான் இன்னும் வாய்விட்டுத்தான் எண்ணுகிறேன். யாராவது குறுக்கே பேசினால் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நீ வராத அந்தத் திங்கட்கிழமை, சார் வருவதற்கு முன்பே போய் ஆய்வேட்டை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு லினக்ஸை அழித்தேன். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டரில் நெட் ஒரு நாளும் போகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவ போன பின்ன ஒரு கம்ப்ளைன்டும் இல்ல, கண்டோ."