ஓட்டு மிஷினுக்கு எதற்குப் பேச்சு

2 ஜூன் 2025, திங்கள்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் கம்பெனி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள்.

உடையார்பாளையம் பக்கத்து முந்திரி விவசாயிகள் சங்கத் தேர்தலுக்கு எங்கள் கம்பெனி செய்யும் ஓட்டு மிஷின்கள் தயார். போன தடவை ஓட்டுச் சீட்டு எண்ணும்போது அடிதடி ஆனதால் இந்தத் தடவை மிஷின். சங்கம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: ஓட்டைப் பதியும் பாகங்கள் வெளிநாட்டில் செய்தவையாக இருக்கக்கூடாது. சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

தலைவர் காசிநாதனை எதிர்த்து நிற்பது முத்தாயி சின்னத்தை, என் மாமியாரின் தங்கை. வீட்டில் எந்நேரமும் இதே பேச்சு.

4 ஜூன்

ஒரு மிஷினில் உயிரே வரவில்லை. கழற்றி, போர்டில் இருந்த சிப்பை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். மேலே அச்சடித்திருந்த நம் நாட்டுக் கம்பெனிப் பெயர் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறு பெயர், வேறு நாடு. சிப்பின் நம்பரை நெட்டில் போட்டுத் தேடினேன். கம்பியில்லாமலே வெளியாருடன் பேசக்கூடிய சிப்.

ஓட்டு மிஷினுக்கு எதற்குப் பேச்சு?

மற்ற மிஷின்களையும் திறந்தேன். எல்லாம் அதே ஜாதி.

5 ஜூன்

முதலாளி அண்ணாதுரை சாரிடம் காட்டினேன். முகம் செத்துவிட்டது. “சிப்பு வித்த மெட்ராஸ்காரன் ஏமாத்திட்டான்மா” என்றார். அப்புறம் அவரே, “முந்திரிக்கொல்லைக்காரங்க தேர்தல்மா இது. எந்த நாட்டுக்காரன் வந்து என்னத்தப் பண்ணப்போறான்? கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு.”

நான் எழுந்தபோது மெதுவாகக் கேட்டார்: “உங்க சொந்தக்காரங்க நிக்கிறாங்களாமே?”

அதுதான் சுட்டது.

சும்மா விலை மலிவு என்று மாட்டியதாக இருக்கலாம். யாரும் எதுவும் செய்யாமலே போகலாம். ஆனா தெரியலையே — தெரியாமப் போறதுதானே வம்பு?

6 ஜூன்

ஏன் துடைத்தேன் அந்தச் சிப்பை?

8 ஜூன்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கையெழுத்துப் போட்டா ஊர ஏமாத்துற. போடலேன்னா, சின்னம்மாவுக்காகப் பண்ணினேம்பாங்க. எதத் தாங்குவ சுவாதி?” என்றார். துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

9 ஜூன்

கையெழுத்துப் போடவில்லை. அண்ணாதுரை சார் கத்தவில்லை. “அப்ப நாளையிலேர்ந்து வர வேணாம்மா.”

நேரே சங்க ஆபீசுக்குப் போனேன். காசிநாதன், சின்னத்தை, செயலாளர் மூவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

காசிநாதன் எகிறினார். “தோக்கப்போறோம்னு தெரிஞ்சுபோய் மருமவள அனுப்பிச்சிருக்கு!”

சின்னத்தை அவருக்கு மேல். “ஏண்டி, சீட்டுன்னா இந்தாளு ஆளுங்க பொட்டியவே தூக்கிருவாங்க. மிஷின நம்பித்தானடி நான் நின்னேன்?”

ஜென்ம விரோதிகள் ரெண்டு பேரும் ஒத்துப்போனது என்னைத் திட்டுவதில் மட்டும்தான். வேலையும் போச்சு, உறவும் போச்சு. எதுக்கு இது எனக்கு?

13 ஜூன்

மிஷின் வேண்டாமென்று செயலாளர் முடிவு செய்துவிட்டாராம். சீட்டுதான். எல்லார் கண் முன்னாலும் எண்ணுவார்களாம். சின்னத்தை என் போனை எடுக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

தேர்தலுக்கு நான் போகவில்லை. சாயங்காலம் அங்கிருந்து இவர் போன் செய்தார். ஏழு ஓட்டில் சின்னத்தை தோற்றுவிட்டார். திரும்ப எண்ணச் சொன்னாராம். எண்ணினார்கள். அதே ஏழு. அடிதடி எதுவும் இல்லையாம்.

மிஷினாயிருந்தா ஜெயிச்சிருப்பாங்களோ? நாந்தான் தோக்கடிச்சேனா?

24 ஜூன்

காலையில் கதவைத் திறந்தால் சின்னத்தை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏழே ஓட்டுடி. ஒவ்வொரு சீட்டையும் எங்கண்ணால பாத்தேன். எங்க தெருவே எனக்கு முழுசாப் போடல.”

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“மிஷின்ல தோத்திருந்தா சாவுற வரைக்கும் காசிநாதனத் திட்டிக்கிட்டே கெடந்திருப்பேன். இப்ப ஆரப் போயித் திட்டுறது?” சிரித்துவிட்டார். “காப்பி போடு, போ.”

பால் அடுப்பில் இருக்கிறது. கூடத்தில் எந்தத் தெரு காலை வாரியது என்று அத்தையும் தங்கையும் சண்டை போடுகிறார்கள். நடுவே சின்னத்தையின் குரல்: “சுவாதி, நீயும் வாடி இங்க.”