அதே பக்கம், அதே எழுத்தளவு

மார்ச் 4
இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்து இன்று அலுவலகம் போனேன். மேசையில் பத்திரிகை ஆணையத்தின் நோட்டீஸ். போக்குவரத்து அதிகாரி ஒருவர் லஞ்சம் வாங்கியதாகப் பொய்ச் செய்தி போட்டோமாம். 'பொறுப்பாசிரியர்' என்ற முறையில் நான் பதில் சொல்லவேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் சிறை.

நான் வெறும் உதவி ஆசிரியர். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், மூன்று மாதமாக என் பெயர் வருகிறது. விடுப்புக் கடிதத்தோடு இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்காமலே போட்டேன். பட்டதாரியாம் நான்.

அந்தச் செய்தி வெளியான அன்று நான் பிரசவ அறையில் இருந்தேன்.

மார்ச் 5
முதலாளியிடம் கேட்டேன். "கைக்குழந்தைக்காரிய எந்த கோர்ட்டும்மா உள்ள தள்ளும்? யோசிச்சுத்தான் உன் பேரப் போட்டேன்" என்றார். சிரித்தார். டீ வேறு வரவழைத்தார்.

அந்தச் சிரிப்பு. இருக்கட்டும்.

மார்ச் 6
துணியை அடித்து அடித்துத் துவைக்கிறேன். யாரை நினைத்து என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 8
அந்தச் செய்தியை எழுதிய நிருபர் தலை குனிந்தபடி உண்மையைச் சொன்னான். முதலாளியின் பஸ்களுக்கு உரிமம் தர மறுத்தவர் அந்த அதிகாரி. "அவரு சொல்லச் சொல்ல எழுதினேங்க்கா."

வீட்டில் இவர், "வேலைய விட்டுடு, எதுக்கு வம்பு?" என்றார்.

"விட்டா கேஸும் போயிடுமா?"

இவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பத்திரிகைச் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். எங்களை மிரட்டத்தான் வருகிறது என்று தலையங்கம் எழுதினோமே, அதே சட்டம். நோட்டீஸ் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் திருத்தம் வெளியிட்டால் பொறுப்பாசிரியர் மேல் வழக்கு இல்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். பொறுப்பாசிரியர் யாருடைய அனுமதியும் கேட்க வேண்டியதில்லை, உரிமையாளர் உட்பட.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்னடி, பேய் பிடிச்ச மாதிரி?" என்றார் இவர்.

மார்ச் 11
அன்று அந்தச் செய்தி முதல் பக்கம், எட்டுப் பத்தி அகலம். இன்று என் திருத்தமும் அப்படியே: 'அதிகாரி லஞ்சம் வாங்கவில்லை, உரிமம் கேட்டுக் கிடைக்காதவர் எங்கள் முதலாளி.'

அச்சுக்கூடத்து அண்ணன் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "மொதலாளிக்குத் தெரியுமாம்மா?"

"காலைல தெரியும்."

"பொறுப்பாசிரியர் கையெழுத்து இருந்தா ஓட்டுறதுதான் என் வேலை. எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வைக்கட்டா?"

"வேணாம்ணே. அதே அளவு. சட்டம்."

மார்ச் 12
மதியம் முதலாளியே வீட்டுக்கு வந்தார், ராஜினாமா கடிதத்தோடு. என் கையெழுத்து இல்லாமல் என் பெயரை எடுக்க முடியாதாம்.

"குழந்தை தூங்குது. உக்காருங்க."

ஒரு மணி நேரம், காயும் பாப்பா துணிகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தபிறகு கையெழுத்துப் போட்டேன்.

வேலை போயிற்று. ஆனாலும் இனிக்கிறது.

மார்ச் 13
அந்த அதிகாரியின் மனைவி போனில் அழைத்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"தெருவுல எல்லாரும் இப்பத்தாம்மா மறந்திருந்தாங்க. மறுபடியும் அவர் பேரையும் லஞ்சத்தையும் சேத்து அவ்ளோ பெருசா போட்டுட்டீங்களே. உங்க சண்டைக்கு நாங்கதான் கெடச்சோமா?"

அவர் போனை வைத்த பிறகும் நான் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 14
இன்று அந்த அதிகாரிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா, நேற்று உங்கள் மனைவி கேட்டது நியாயம். எழுதும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவே இல்லை. கண்ணுக்கு முன்னால் நின்றது முதலாளியின் முகம் மட்டும்தான். முதலாளி மேல் நீங்கள் புகார் கொடுத்தால், ஆணையத்துக்கு வந்து உங்களுக்காகச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் மட்டும். வேண்டாம் என்றால் உங்கள் பெயரை இனி எங்கும் எழுத மாட்டேன். எதுவானாலும், சீக்கிரம் பதில் போடுங்கள்.