விழுந்தவனை நீ பிடித்த நாள்

இன்று காலை ராயக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். பஸ் முழுக்கத் தக்காளிக் கூடை. அந்தப் புளிப்பையும் மீறி வந்தது தைல வாடை. நான் என் ஸ்டாப்பில் இறங்க மறந்து, தள்ளிப் போய் இறங்கி நடந்தேன். நீ போன பிறகு உன்னிடம் பேச எனக்கு வாயே வரவில்லை. இன்று வருகிறது. வந்தால் திட்டத்தான் வருகிறது.

கம்பெனியில் எல்லோருக்கும் நீ சிஸ்டர். முதலுதவி அறையில் இருப்பாய். நான் கேன்டீனில் டீ கொடுப்பவள். அங்கே உன்னை 'நீங்க' என்பேன். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் நமக்கு அடுத்தடுத்த கதவு, அங்கே 'நீ'. ஒரு நாளும் உங்களுக்கு இது மாறிப் போகாதாக்கா என்று உன் தெற்கத்திப் பேச்சில் கேட்டுச் சிரிப்பாய்.

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஒருவனுக்குக் கை நசுங்கிய அன்று, அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் படியிறக்கினீர்கள். மேலே பிடித்திருந்த ஆள் எண்ணெய் படிந்த படியில் வழுக்கிக் கையை விட்டுவிட்டான். மொத்தப் பாரமும் உன் மேல் சரிந்தது. நீ விடவில்லை. டீக் கேனோடு கீழே நின்றிருந்த நான் உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு அவனுக்கு விபத்து ரிப்போர்ட் எழுதினாய். உனக்கு எழுதவில்லை. சின்னக் கீறலோடு வருகிறவனைக்கூட "எழுதிப் போட்டுட்டுப் போங்க, பின்னால தேவைப்படும்" என்று பிடித்து உட்கார வைக்கிறவள், இடுப்புக்குத் தைலம் தேய்த்து, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் டூட்டிக்கு வந்தாய். நீ வராவிட்டால் அறையைப் பார்க்க ஆளில்லையாம்.

பிறகு கால் மரத்துப் போனது. ஆபரேஷனும் ஆனது. இனி நின்று பார்க்கிற வேலை ஆகாது என்றுவிட்டார்கள். புருஷன் இல்லாமல், பள்ளிக்கூடம் போகிற மகளோடு தனியாக நின்றவள் நீ. வேலையில் அடிபட்டு ஊனமானவர்களுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகைக்கு மனுப் போட்டாய். கம்பெனி மறுத்தது. "ரிப்போர்ட்டே இல்லை. தண்ணி லாரியில் குடம் பிடித்துத் தூக்கியதில் இடுப்பு போயிருக்கும்" என்று பர்சனல் ஆபீசர் எழுதிக் கொடுத்தார்.

விசாரணைக்கு உதவித்தொகை ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்த அன்று, சூப்பர்வைசர் என்னை வாசலில் நிறுத்தினான்.

"ஏம்மா, உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதில்ல? பாத்துப் பேசு."

"படியில பாத்தத பேசப் போறேன் சார். வேற என்னாத்த பேசறது?"

சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் கைரேகைக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். "பேனா குடுங்க சார், அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்" என்று வாங்கி, முழுப் பெயரும் எழுதினேன். வேலையில் அடிபட்டதுதான் என்று முடிவானது. அடுத்த மாதம் எனக்குக் கேட்டில் பாஸ் கொடுக்கவில்லை. அதை விடு.

எவ்வளவு ஊனம் என்பதை மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் தொகை. போர்டு கூடுகிற சேலத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர் பெஞ்சில் பர்சனல் ஆபீசர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நமக்குப் பக்கத்தில் கைக்கட்டோடு நின்ற ஒரு மில் தொழிலாளி, நின்று நின்று கண் செருகிச் சாய்ந்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் இறங்கியவள் நீ. எப்படித்தான் எழுந்தாயோ! அவன் தலை தரையில் படுமுன் இரண்டு கையாலும் தாங்கி, மெல்லக் கிடத்தி, ஒருக்களித்துத் திருப்பிவிட்டாய். ஆபீசர் பேப்பரை மடித்தார்.

உள்ளே போனதும் அவர்தான் முதலில் பேசினார்.

"சார், இவங்க இப்பதான் வெளியே ஒரு ஆம்பளையத் தூக்கினாங்க. கேளுங்க."

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "தூக்கினீங்களா?"

நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். சும்மா கை வைத்தேன் என்று சொல்லித் தொலையேன் என்று.

"தூக்கல சார், பிடிச்சேன். ஆனா முழு வெயிட்டும் எம் மேலதான் இருந்துச்சு."

"இப்ப வலிக்குதா?"

"வலிக்கி சார்."

வலியை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? தூக்கியதைத்தான் பார்க்க ஆள் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நான் விடவில்லை. "உனக்கு எதுனா அறிவு இருக்குதா? அத்தினி பேரு நின்னாங்க, நீதான் ஓடிப் புடிக்கணுமா? நான் கிள்ளினது தெரிஞ்சுதா இல்லையா?"

"நல்லாத் தெரிஞ்சுது. இடுப்ப விட அதுதான் வலிக்கி."

நான் சிரிக்கவில்லை. நீ என் கையைப் பிடித்தாய்.

"விழுத ஆளப் பாத்துட்டு கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதியளாக்கா?"

"ஆமா. நிக்கத்தான் சொல்றேன்."



போர்டு போட்ட ஊனம் கொஞ்சம். வந்த தொகை வாடகைக்கே இழுபறி. அப்பீலுக்கு முன்னால் வக்கீல், "கை மட்டும் வச்சேன்னு சொல்லுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்றார். "கை மட்டும் வச்சிருந்தா அவரு விழுந்திருப்பாரே சார்" என்றாய். அப்பீலும் போனது. லைன் வீட்டுக்காரர்களுக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஊசி போட்டு, அந்த வரும்படியில் மகளைப் படிக்க வைத்தாய். ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாய். அப்போதும் காய்ச்சல் என்று என்னிடம் முதலில் சொல்லவில்லை.

அந்தம்மா செய்தது சரிதானே என்று என் பேத்தி கேட்கிறாள். சரியில்லை என்றுதான் சொல்கிறேன். ஊரே உன்னை நல்லவள் என்கிறது, நான் ஒருத்தியாவது உன் பக்கம் நிற்க வேண்டாமா? விழுந்தது நானாக இருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கோபம் ஆறவில்லை. நீ ஒரு நாளும் நினைத்துப் பார்க்காத உன் இடுப்பை, உனக்குப் பதிலாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.