படகேறச் சொல்லுங்கள், மச்சான்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் பௌலியாசிக்கு,

தக்காளி பறித்தே முதுகு வளைந்துபோன உங்களுக்கு மாலகாய் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உங்கள் பெரிய பன்றி வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கிழங்கைத் தின்றுவிட்டது. முதலாளி ஆஸ்திரேலியாவில் இருக்கிற திமிர் அதற்கும் வந்துவிட்டது.

நம்மூர்ப் பையன் ஃபோலௌ நாளைக்குக் கிளம்பி உங்கள் பண்ணைக்கே வேலைக்கு வருகிறான். அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசக் கூடாதா என்பீர்கள். சில சங்கதி என் வாயில் வராது மச்சான். கையிலாவது வருமா என்று பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரி லூபே ரொம்பவும் ஓய்ந்துவிட்டாள். மூன்று தீவுக்கும் இவள் ஒருத்திதான் மருத்துவச்சி. தாய்மாருக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல, போன மாதம் தலைநகரத்திலிருந்து ஒருவர் படம் எல்லாம் கொண்டுவந்தார். சாயங்காலமே படகு திரும்புகிறது, அதனால் ஆணும் பெண்ணும் ஒரே கூட்டம். அக்கா தம்பி ஒன்றாக உட்கார்ந்து வயிற்றுப் பேச்சுக் கேட்கிற வழக்கம் நமக்கு ஏது? கோயில் கூடத்தின் நடுவே லூபே பெரிய மரப்பட்டைத் துணியைக் கட்டினாள். துணி கண்ணை மறைக்கும், காதை என்ன செய்யும்? அவர் வாயைத் திறந்ததும் ஆண்கள் பக்கம் ஒரே இருமல். நான் எழுந்தேன். என் பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் பக்கம் முதலில் எழுந்தது என் அக்கா, உங்கள் வீட்டம்மாதானாம்.

லூபே கோபப்படவில்லை. படம் பாட்டுக்குச் சுவரில் இருக்கட்டும் என்றாள். கர்ப்பிணிக்கு யார் தண்ணீர் தூக்குவது, டின் இறைச்சியை யார் நிறுத்துவது, அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டை யார் பார்ப்பது, இதைச் சரிசெய்தால்தான் நோய் வராமல் இருக்கும் என்பது அவள் கட்சி. அதற்காக என்னை, ஆண்கள் கூடி உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்துக்கு அனுப்புவாள். நான் வம்பளக்கிற மாதிரி புருஷன்மார் காதில் போட்டுவிட்டு வருவேன். சம்பளமில்லாத வேலைக்காரன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அக்காவின் கால் வீங்கியிருக்கிறது.

எழுதிவிட்டேன். எழுதிவிட்டு எழுந்து வெளியே போய், கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏழாம் மாதம். பார்க்கும்போதெல்லாம் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, முகமும் உப்புகிறது என்கிறாள் லூபே. இப்போதே பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கினால் சமாளிக்கலாம். இங்கே வலிப்பு வந்தால் தன் கையில் ஒன்றுமில்லை, தாயும் போவாள், பிள்ளையும் போகும் என்கிறாள். சொல்லத்தான் போனாள். அக்கா பாய் முடைந்துகொண்டே, "ஏம்மா, தம்பி பொண்டாட்டி, என் காலைப் பாக்க வந்தியா, பிடிச்சுவிட வந்தியா?" என்று கேட்டிருக்கிறாள். கூட இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம். நாலு பெற்றவளுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு, கோயில் மாநாட்டுக்குப் பாய் முடிய வேண்டும், பன்றிக்கு யார் தீனி வைப்பது என்று அடுக்கினாளாம். இவளும் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டு வந்தாள்.

வந்து சமைக்கவில்லை. "ஊருக்கெல்லாம் நான் மருத்துவச்சி. உங்க அக்காவுக்கு நான் பாத்திரம் கழுவ வந்தவ. அவங்களை அதட்ட எனக்கு வாய் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. அதட்டக் கூடியவர் தக்காளி பறிக்கிறார்" என்றாள். நான் எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது நல்லாயிருக்கிறாயா என்று கேட்காதீர்கள். நல்லாயிருக்கிறேன் என்றுதான் சொல்வாள். வாரப் படகில் ஏறு என்று மட்டும் சொல்லுங்கள். அழுதாலும் சொல்லுங்கள். பாயை லூபேயும் பெண்களும் முடிப்பார்கள். பிள்ளைகள் எங்கள் வீட்டில் தூங்கட்டும். பன்றிக்கு நான் தீனி வைக்கிறேன், என் கிழங்கைத் தின்ற அந்தத் தடியனுக்கும் சேர்த்து.

நான் எழுதினேன் என்று அக்காவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவள் படகேறுகிற அன்றைக்குக் கரைக்கு வர மாட்டேன். தோட்டத்து மேட்டில் மண்வெட்டியோடு நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் படகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கர்த்தர் உங்கள் முதுகுக்குப் பலம் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் குரலுக்கும் பலம் தரட்டும்.

உங்கள் மச்சினன்,
மாலகாய்